தெருவுக்குத் தெரிந்த போலீஸ்காரர்

நேயர்களுக்கு வணக்கம். காவல்துறையில் 34 ஆண்டுகள் வேலை பார்த்து, சிறப்பு உதவி ஆய்வாளராக ஓய்வு பெற்றவன் நான். போலீசும் பொதுமக்களும் சேர்ந்து குற்றத்தைக் குறைப்பது பற்றிப் பேசச் சொன்னார்கள். ஒரு இட்லிக் கடையிலிருந்து தொடங்குகிறேன்.

அப்போது நான் ஏட்டு. ராத்திரி ரோந்தில் பட்டா புத்தகம் என்று ஒன்று உண்டு. கோயில் சுவரிலோ வங்கி வாசலிலோ ஆணியில் மாட்டியிருக்கும். வந்து போனதற்கு அடையாளமாக நேரம் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். பல வருஷம் ரோந்து என்றால் அந்தக் கையெழுத்துதான் என்றே நினைத்திருந்தேன். வண்டியை விட்டு இறங்காமல், ஒரு காலை ஊன்றிக்கொண்டு போட்டுவிட்டு அடுத்த தெருவுக்குப் போய்விடுவேன்.

அந்த வட்டாரத்தில் விடியற்காலையில் சங்கிலி பறிக்க ஆரம்பித்தார்கள். வாசலில் கோலம் போடக் குனிந்திருக்கும் பெண்கள்தான் குறி. மூன்று வீட்டில் நகை போய்விட்டது. தெருமுனையில் நாலரை மணிக்கே அடுப்பு மூட்டும் இட்லிக்கார ஆயாவிடம் கேட்டேன். "எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க சார்" என்று சொல்லிவிட்டு, இட்லித் தட்டில் ஈரத்துணியை விரிக்கப் போய்விட்டது.

அன்றிலிருந்து ரோந்து முடிந்ததும் அங்கேயே உட்கார ஆரம்பித்தேன். நாலு இட்லி சாப்பிடுவேன், காசைக் கொடுத்துவிட்டுத்தான் எழுந்திருப்பேன். முதல் நாள் அது காசை வாங்கவே பயந்தது. ஒரு மாதம் ஓடியது. பேரனின் படிப்பு, முழங்கால் வலி என்று பேச்சு வளர்ந்தது. 'சார்' போய் 'தம்பி' வந்தது. ஒரு நாள் சட்னி ஊற்றிக்கொண்டே, குரலைத் தாழ்த்திச் சொன்னது: "தம்பி, நம்பர் பிளேட்டுல சேறு அப்புன வண்டி ஒண்ணு ரெண்டு நாளா வெடியகாலையில இந்தப் பக்கம் சுத்துது. அன்னைக்கு நகை போனப்பவும் இதே வண்டிதான்."

"அப்பவே ஏன் சொல்லல ஆயா?"

"சொன்னா சாட்சி போடுவீங்க. நான் கோர்ட்டுக்கு நடந்தா இந்த அடுப்பை யாரு பாக்குறது?"

மூன்றாம் நாள் அந்த வண்டி பிடிபட்டது. ஆயாவின் பெயர் எந்தக் காகிதத்திலும் ஏறவில்லை. தகவல் எங்கிருந்து வந்தது என்று சொல்லும்படி போலீஸ்காரரைக் கட்டாயப்படுத்த முடியாது என்று சாட்சியச் சட்டமே சொல்கிறது. இது எத்தனை பேருக்குத் தெரியும்? நாங்களும் யாருக்கும் எடுத்துச் சொன்னதில்லை.

திருச்சியில் ஜே.கே. திரிபாதி கமிஷனராக இருந்தபோது, சுமார் 25 வருஷத்துக்கு முன்னால், நகரத்தைச் சின்னச் சின்ன பீட்டாக, அதாவது ரோந்துப் பகுதியாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் குறிப்பிட்ட சில காவலர்களின் பொறுப்பில் விட்டார். தெருவில் புகார்ப் பெட்டி வைத்தார். பெயர் எழுதாமலே சீட்டு போடலாம். அந்தப் பெட்டியை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஆயா ஞாபகம்தான் வரும். ஸ்டேஷன் படியேறப் பயப்படுகிறவர்கள் கையில் எத்தனை தகவல் இருக்கிறது என்று புரிந்துகொண்டு செய்த ஏற்பாடு அது.

அதற்கும் முன்னால், 1993-ல் ராமநாதபுரத்தில் எஸ்.பி. பிரதீப் வி. பிலிப், பொதுமக்கள் தாங்களாகவே முன்வந்து போலீசுக்கு உதவும் 'பிரெண்ட்ஸ் ஆப் போலீஸ்' அமைப்பைத் தொடங்கினார். அடுத்த ஆண்டே தமிழகம் முழுக்கப் பரவியது. 2020 ஜூன் மாதம் சாத்தான்குளத்தில் போலீஸ் காவலில் தாக்கப்பட்டு ஒரு தந்தையும் மகனும் இறந்தார்கள். அந்தக் கொந்தளிப்பில், இந்த அமைப்பின் ஆட்களுக்கும் அதில் பங்கு உண்டா என்று கேள்வி எழுந்தது. ஜூலையில் அரசு அதற்குத் தடை போட்டது.

இதில் என் கருத்தை ஒளிக்காமல் சொல்கிறேன். ஊர்க்காரர் தகவல் சொல்லலாம், திருவிழாக் கூட்டத்தை ஒழுங்குபடுத்தலாம், ராத்திரி கூடவே நடந்து வரலாம். விசாரிப்பதும் பிடித்து வைப்பதும் யூனிபார்ம் போட்டவன் வேலை. தவறு செய்தால் அவன்தான் கூண்டில் நின்று பதில் சொல்ல வேண்டும். இன்னொன்று, ஸ்டேஷனுக்குள் ஒரு உயிர் போனால், எங்கேயோ இருக்கிற நூறு ஊரில் நூறு ஆயாக்கள் வாயை மூடிக்கொள்வார்கள். அதைத் திறக்க வைக்க வருஷக்கணக்காகும். இதைச் சொல்லும்போது இப்போதும் எனக்கு நெஞ்சு கனக்கிறது.

ஜப்பானில் 'கோபான்' என்று தெருமுனைக் காவல் சாவடிகள் உண்டு. அங்குள்ள காவலர்கள் வீடு வீடாகப் போய் அறிமுகம் செய்துகொள்வார்கள். அதைப் பார்த்துத்தான் சிங்கப்பூர் 1983-ல் தோ பாயோவில் தன் முதல் அக்கம்பக்கக் காவல் சாவடியைத் திறந்தது. நம்மூரில் இப்போது தெருவெல்லாம் கேமரா வந்துவிட்டது. நல்லதுதான். ஆனால் கேமராவை நகை போன பிறகுதான் போட்டுப் பார்க்கிறோம். அடுத்த நகை போவதற்கு முன்னால் ஆயா சொன்னது.

சரி, குறை எங்கே இருக்கிறது? தெரு பழகி முடிப்பதற்குள் போலீஸ்காரருக்கு மாறுதல் வந்துவிடும். எனக்கும் வந்தது. ஆயாவிடம் சொன்னதும் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. "அப்ப மறுபடியும் மொதல்ல இருந்தா?" என்று மட்டும் கேட்டது.

கடைசி நாள், எனக்குப் பதிலாக வந்த பையனைக் கையோடு கூட்டிப் போனேன். புதுச் சட்டை, புது பூட்ஸ். விறைப்பாக நின்றான். "உட்காருப்பா, காசு கொடுத்துட்டுத்தான் எழுந்திருக்கணும்" என்றேன். ஆயா அவனை ஏற இறங்கப் பார்த்தது. தட்டில் இலையைப் போட்டு, இரண்டு இட்லியை வைத்துவிட்டுக் கேட்டது: "உம் பேரு என்ன தம்பி?"