மருந்தைத் துப்பும் குழந்தை: சண்டை எத்தனை மில்லிக்கு?

[திரையில்: மேசை மேல் மூன்று பாட்டில்கள், ஒவ்வொன்றின் முன்னாலும் மருந்து நிரப்பிய ஒரு சிரிஞ்ச்]

வணக்கம். இந்த மூன்று பாட்டிலிலும் இருப்பது ஒரே மருந்துதான், பாராசிட்டமால். 10 கிலோ எடையுள்ள ஒரு குழந்தைக்குக் காய்ச்சல். ஒரு வேளைக்கு 150 மில்லிகிராம் கொடுக்கச் சொல்லி டாக்டர் எழுதியிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். முதல் பாட்டிலில் 5 மில்லிக்கு 125 மில்லிகிராம் மருந்து இருக்கிறது. அதில் கொடுத்தால் 6 மில்லி உள்ளே போக வேண்டும். இரண்டாவதில் 5 மில்லிக்கு 250 மில்லிகிராம். 3 மில்லி போதும். மூன்றாவது டிராப்ஸ், ஒரு மில்லியிலேயே 100 மில்லிகிராம். ஒன்றரை மில்லியில் வேலை முடிந்தது.

வாயை இறுக மூடிக்கொண்டு தலையை இப்படியும் அப்படியும் ஆட்டுகிற குழந்தைக்கு 6 மில்லி ஊற்றுவது பெரும்பாடு. அதில் பாதி சட்டையில் போகும், மீதி உங்கள் புடவையில். ஒன்றரை மில்லி என்றால் குழந்தை அழ ஆரம்பிப்பதற்குள் முடிந்துவிடும். குழந்தையை எப்படித் தாஜா செய்வது என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். அதற்கும் வருகிறேன். ஆனால் முதலில் பார்க்க வேண்டியது உள்ளே போக வேண்டிய அளவைத்தான்.

டாக்டரிடம் மருந்து எழுதி வாங்கும்போதே ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். "டாக்டர், இவன் மருந்தைத் துப்பிடுவான். இதே மருந்து அளவு குறைவா கொடுக்கிற மாதிரி வருமா?" பல மருந்துகள் வரும். ஆன்டிபயாடிக்கில் அடிக்கடி எழுதப்படும் அமாக்சிசிலின், கிளாவுலனிக் ஆசிட் கலவையை எடுத்துக்கொள்ளுங்கள். 5 மில்லிக்கு 228.5 மில்லிகிராம் என்றும் வருகிறது, 457 என்றும் வருகிறது. முதலாவதில் 5 மில்லி கொடுக்க வேண்டிய குழந்தைக்கு இரண்டாவதில் இரண்டரை மில்லி போதும். பல நாள் தொடர்ந்து கொடுக்க வேண்டிய மருந்தில் இது சின்ன விஷயமே இல்லை.

இங்கே ஓர் எச்சரிக்கை. கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன். பாட்டில் மாறினால் மில்லியும் மாறும். போன தடவை 6 மில்லி கொடுத்தோமே என்று டிராப்ஸ் பாட்டிலில் இருந்து 6 மில்லி எடுத்தால் அது 600 மில்லிகிராம். அந்தக் குழந்தைக்கு வேண்டியதைப் போல நான்கு மடங்கு. இப்படிக் கூடிப் போனால் பாராசிட்டமால் ஈரலைப் பாதிக்கும். அம்மா வேலைக்குப் போயிருப்பார், பாட்டி பார்த்துக்கொள்வார், தாத்தா கடையில் வேறு பாட்டில் வாங்கி வந்திருப்பார். இந்தத் தவறு பெரும்பாலும் இப்படித்தான் நடக்கும். அதனால் ஒரு பேனாவை எடுத்து, பாட்டில் மேலேயே "3 மில்லி, 6 மணி நேரத்துக்கு ஒரு தடவை" என்று டாக்டர் சொன்னபடி எழுதி ஒட்டிவிடுங்கள். பழைய பாட்டிலை வீட்டில் வைக்காதீர்கள்.

[திரையில்: 5 மில்லி சிரிஞ்ச், அருகில் மூன்று விதமான வீட்டு ஸ்பூன்கள்]

அடுத்தது, எதில் கொடுப்பது. சமையலறை ஸ்பூன் வேண்டாம். ஒரு வீட்டு ஸ்பூன் பிடிக்கிற அளவை இன்னொன்று பிடிக்காது. பாட்டிலோடு வரும் மூடி பரவாயில்லை. ஆனால் அடம் பிடிக்கும் குழந்தைக்குச் சிரிஞ்ச்தான் சரி. மருந்துக்கடையில் 5 மில்லி சிரிஞ்ச் கேட்டு வாங்குங்கள். ஊசியையும், அதன் மேல் இருக்கும் சின்னப் பிளாஸ்டிக் மூடியையும் கடையிலேயே கழற்றிப் போட்டுவிடச் சொல்லுங்கள். அந்த மூடி வீட்டில் கிடந்தால் குழந்தையின் தொண்டைக்குள் போய்விடும்.

பாட்டிலை நன்றாகக் குலுக்கி, நுரை அடங்கும் வரை கொஞ்சம் பொறுத்து, அப்புறம் இழுங்கள். நுரையோடு இழுத்தால் சிரிஞ்சில் பாதி காற்றுதான் இருக்கும். குலுக்காமலே கொடுத்துவந்தால் முதல் சில வேளை மருந்து நீர்த்துப்போய் இருக்கும், அடியில் தங்கியதெல்லாம் கடைசி வேளைகளில் கெட்டியாக வரும்.

இனி பிடிக்கும் முறை. நம் ஊரில் காலங்காலமாக ஒரு முறை உண்டு. பாட்டி காலை நீட்டி உட்கார்ந்து, குழந்தையைக் காலில் மல்லாக்கக் கிடத்தி, மூக்கைப் பிடித்து, சங்கிலோ பாலாடையிலோ உரை மருந்தை எடுத்து ஊற்றிவிடுவார். மூச்சு விட வாயைத் திறந்துதானே ஆக வேண்டும், திறந்தால் மருந்து உள்ளே. பாட்டியின் கைப்பழக்கத்தைக் குறை சொல்லவில்லை. ஆனால் உடம்பு வேலை செய்யும் விதத்துக்கு இது நேர் எதிரானது. விழுங்கும் நொடியில் மூச்சுக்குழாய் மூடிக்கொள்ளும், மூச்சை இழுக்கும்போது திறந்திருக்கும். வீறிட்டு அழுத பிள்ளை அடுத்த மூச்சை ஆழமாக இழுக்கும் நேரத்தில் தொண்டையில் மருந்து நின்றால், அது போகும் இடம் நுரையீரல். புரை ஏறுவது என்று நாம் சாதாரணமாகச் சொல்வது இதைத்தான். அதனால் மல்லாக்கப் படுக்க வைப்பதும் மூக்கைப் பிடிப்பதும் வேண்டாம்.

[திரையில்: மடியில் பக்கவாட்டில் குழந்தை, கை வைக்கும் இடம் நெருக்கமாக]

மடியில் பக்கவாட்டில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். குழந்தையின் ஒரு கை உங்கள் முதுகுக்குப் பின்னால் போய்விடும். இன்னொரு கையை உங்கள் இடது கை பிடித்துக்கொள்ளும், தலை அதே கையின் மடிப்பில் சாய்ந்திருக்கும். படுத்த நிலை கூடாது, நிமிர்ந்த மாதிரியே இருக்கட்டும். ரொம்பக் கை வீசும் குழந்தையை ஒரு துண்டில் சுற்றிக்கொள்ளலாம்.

இப்போது சிரிஞ்சின் நுனியை வாயின் ஓரத்தில் வையுங்கள். ஈறுக்கும் கன்னத்துக்கும் நடுவில் ஒரு சந்து இருக்கிறது, பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாலும் அந்தச் சந்து மூடாது. அங்கே கன்னத்தை ஒட்டி, பின்பக்கமாக, அரை மில்லி மட்டும் விடுங்கள். நேராகத் தொண்டையைப் பார்த்துப் பீய்ச்ச வேண்டாம், ஓங்கரித்துவிடும். முழுங்கியதும் அடுத்த அரை மில்லி. அழுகை உச்சத்தில் இருந்தால் நிறுத்துங்கள், மூச்சு வாங்கி அடங்கட்டும். இப்படி விட்டால் நாக்கின் நடுவில் மருந்து பரவுவது குறைவு, எட்டித் துப்புவதும் கஷ்டம். ஒன்றரை மில்லி என்றால் மொத்தம் மூன்று அழுத்துதான். 6 மில்லி என்றால் பன்னிரண்டு. முதலில் ஏன் அளவைப் பற்றி அவ்வளவு நேரம் பேசினேன் என்பது இப்போது புரிந்திருக்கும்.

கசப்பு விஷயத்துக்கு வருவோம். சின்னக் குழந்தைகளுக்குக் கசப்பு நம்மைவிடத் தூக்கலாகத் தெரியும். துப்புவதை முரண்டு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். குளிர்ச்சியில் நாக்குக்குச் சுவை மந்தமாகத் தெரியும். ஒரு வயது தாண்டிய குழந்தை என்றால், மருந்துக்கு முன்னால் ஒரு ஸ்பூன் ஐஸ்கிரீமோ நாலு மடக்கு குளிர்ந்த தண்ணீரோ கொடுத்துப் பாருங்கள். மருந்து போனதும் பிடித்தமான ஏதாவது ஒரு வாய். பாட்டிலை ஃபிரிட்ஜில் வைக்கலாமா என்பதை லேபிளைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

கலந்து கொடுக்கலாமா? சிலவற்றைக் கலக்கலாம், சிலவற்றைக் கலக்கக் கூடாது. மருந்துக்கடைக்காரரிடமோ டாக்டரிடமோ கேட்டுவிட்டு, ஒரு ஸ்பூன் வாழைப்பழ மசியலில் கலக்கலாம். ஒரு ஸ்பூன்தான். பால் பாட்டிலில் ஊற்றிவிட்டால் குழந்தை பாதியில் நிறுத்தும்போது எவ்வளவு மருந்து போனது என்று யாருக்கும் தெரியாது. மறுநாள் பாலும் வேண்டாம் என்று சொல்லிவிடும், அது இன்னொரு தலைவலி. இரும்புச்சத்து மருந்தைப் பாலோடு கொடுத்தால் உடம்பில் சேர்வது குறைந்துவிடும். கிளாரித்ரோமைசின் மாதிரி சில ஆன்டிபயாடிக் சிரப்களில் கசப்பை மறைக்க மருந்துத் துகள் மேல் ஒரு பூச்சு இருக்கும். புளிப்பான ஜூஸில் கலந்தால் பூச்சு கரைந்து இன்னும் கசக்கும். அப்புறம் தேன். தேனில் குழைத்துக் கொடுப்பது நம் வீடுகளில் சகஜம். ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் கூடவே கூடாது. அதில் இருக்கக்கூடிய ஒரு கிருமி, குழந்தையின் குடலில் வளர்ந்து தசைகளைச் செயலிழக்க வைக்கும் நச்சை உண்டாக்கலாம்.

வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கும் துத்தநாக மாத்திரையும் இதே கணக்குத்தான். ஓஆர்எஸ் பாக்கெட்டோடு ஆரம்ப சுகாதார நிலையத்தில் தருவார்கள். 6 மாதத்துக்கு மேல் 20 மில்லிகிராம், 2 முதல் 6 மாதம் வரை 10 மில்லிகிராம், 14 நாள். உலோகம் மாதிரி ஒரு சுவை. அரை டம்ளர் தண்ணீரில் கரைத்தால் அரை டம்ளரையும் குடிக்க வைக்க வேண்டும். ஒரு ஸ்பூன் தண்ணீரிலோ தாய்ப்பாலிலோ கரையுங்கள். போக்கு நின்றதும் மூன்றாம் நாளே மாத்திரையை நிறுத்திவிடுகிறோம், அது தவறு. அங்கன்வாடியில் பிப்ரவரி 10, ஆகஸ்ட் 10 ஆகிய நாள்களை ஒட்டித் தரும் குடற்புழு மாத்திரையை 3 வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு நசுக்காமல் அப்படியே கொடுக்கக் கூடாது. இரண்டு ஸ்பூனுக்கு நடுவில் வைத்து நசுக்கித் தண்ணீர் கலந்து கொடுக்க வேண்டும், தொண்டையில் சிக்கும் என்பதால்.

[திரையில்: சிரிஞ்சின் பின்பக்கத்தைத் தானே அழுத்தும் மூன்று வயதுக் குழந்தை]

பேச்சு புரிகிற வயது வந்துவிட்டால் பாதி வேலை வாயால் நடக்கும். "மருந்து சாப்பிடறியா கண்ணு?" என்று கேட்காதீர்கள். வேண்டாம் என்று சொல்லத்தான் போகிறது. "சிரிஞ்சிலா, மூடியிலா?" என்று கேளுங்கள். "அம்மா அழுத்தவா, நீயே அழுத்தறியா?" தானே அழுத்துகிற குழந்தை ஆச்சரியமாக ஒத்துழைக்கும், மருந்தின் அளவை மட்டும் நீங்கள் இழுத்துக் கொடுங்கள். கசக்காது என்று பொய் சொன்னால் ஒரு தடவைதான் எடுபடும். "கொஞ்சம் கசக்கும், உடனே தண்ணி தரேன்" என்பது போதும். மிட்டாய் என்று சொல்லிக் கொடுப்பது இன்னும் மோசம். நம்பிவிட்ட குழந்தை, ஆள் இல்லாத நேரத்தில் பாட்டிலைத் தேடிப் போகும். "குடிக்கலைன்னா டாக்டர் மாமாகிட்ட சொல்லி ஊசி போடச் சொல்லிடுவேன்" என்பதையும் விட்டுவிடுங்கள். அடுத்த தடவை கிளினிக் வாசலிலேயே அழுகை ஆரம்பித்துவிடும், அப்புறம் டாக்டர் எங்கே காது, தொண்டை பார்ப்பது?

கொடுத்த மருந்தை வாந்தி எடுத்துவிட்டால்? பாராசிட்டமால் என்றால், 30 நிமிடத்துக்குள் எடுத்த வாந்திக்கு அதே அளவை இன்னொரு முறை கொடுக்கலாம். அதற்குப் பிறகு என்றால் அடுத்த வேளை வரை பொறுங்கள். ஒரு நாளில் 4 வேளைக்கு மேல் போக வேண்டாம். மற்ற மருந்துகளுக்கு டாக்டரைக் கேட்பதுதான் நல்லது. வாயோரம் கொஞ்சம் வழிந்ததற்கெல்லாம் கூடுதலாக ஊற்ற வேண்டாம்.

இவ்வளவு சொன்ன பிறகு இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். சில சண்டைகளைப் போடவே வேண்டியதில்லை. காய்ச்சல் இருந்தும் குழந்தை விளையாடிக்கொண்டிருந்தால், தெர்மாமீட்டர் எண்ணுக்காக பாராசிட்டமால் திணிக்க வேண்டாம், அது உடல் நோவைக் குறைக்கத்தான். காய்ச்சலில் வலிப்பு வருவதையும் அது தடுப்பதில்லை. அயர்ந்து தூங்குகிற பிள்ளையை இதற்காக எழுப்பவும் வேண்டாம். சளி, இருமல் சிரப்களை 2 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குக் கொடுக்கக் கூடாது, 5 வயதுக்குக் கீழ் பொதுவாகப் பரிந்துரைப்பதில்லை என்று மத்திய சுகாதாரத் துறை 2025 அக்டோபரில் அறிவுறுத்தியது. டாக்டர் எழுதாத இருமல் சிரப்புக்காகப் பிள்ளையோடு மல்லுக்கட்டுவது வீண் வேலை மட்டும் இல்லை, ஆபத்தும்கூட. ஆனால் ஆன்டிபயாடிக், வலிப்பு மருந்து, மூச்சிழுப்புக்குக் கொடுக்கும் ஸ்டீராய்டு, இவற்றில் ஒரு வேளைகூட விட முடியாது.

3 மாதம் நிறையாத குழந்தைக்கு 100.4 டிகிரிக்கு மேல் காய்ச்சல் என்றால் மருந்தோடு போராடாமல் நேராக ஆஸ்பத்திரிக்குப் போங்கள். எந்த வயதிலும் பிள்ளை சோர்ந்து கண் திறக்காமல் கிடந்தாலும், தண்ணீர்கூடத் தங்காமல் வாந்தி எடுத்தாலும், பல மணி நேரமாகச் சிறுநீர் போகவில்லை என்றாலும் அப்படியே.

எதைச் செய்தும் மருந்து உள்ளே தங்கவில்லை என்றால் டாக்டருக்குப் போன் செய்யுங்கள். பாராசிட்டமால், ஆசனவாயில் வைக்கும் மருந்தாகவும் கிடைக்கிறது, 80, 170, 250 மில்லிகிராம் அளவுகளில். ஆன்டிபயாடிக்கை, ஒரு நாளைக்கு மூன்று வேளைக்குப் பதில் ஒரு வேளை கொடுக்கிற வேறொன்றாக மாற்ற முடியுமா என்றும் கேளுங்கள். பேசும்போது பாட்டில் கையில் இருக்கட்டும். மருந்தின் பெயர், 5 மில்லிக்கு எத்தனை மில்லிகிராம், குழந்தையின் எடை, கடைசியாக எத்தனை மணிக்கு எவ்வளவு உள்ளே போனது, இந்த நாலையும்தான் டாக்டர் முதலில் கேட்பார்.