பத்து மணிக்குள்ள திரித்துவம்

மேடையில இருக்குற ஃபாதர் அவர்களே, ஆராதனை முடிச்ச கையோட வந்திருக்கிற பாஸ்டர் ஐயா, வார்டு கவுன்சிலர் அம்மா, விசைப்படகு சங்கத் தலைவர் அண்ணன், சேர் குடுத்த பந்தல்காரத் தம்பி, யாரையாவது விட்டிருந்தா மன்னிச்சிடுங்க, போன வருஷம் பொருளாளரை விட்டுட்டு இன்னைக்கு வரைக்கும் அவர் எனக்கு முகம் குடுக்கல, பொருளாளர் அண்ணே வணக்கம்.

தலைப்பு திரித்துவம். பிதா, குமாரன், பரிசுத்த ஆவி, ஆளுக்கு அஞ்சு நிமிஷம் பேசிடுறேன். காசிமேட்டு ஆளுங்களுக்கு நான் சொல்லணுமா, ஆழம் தெரியாம காலை விடாதன்னு. நான் விட்டவன்.

அப்போ நான் சண்டே ஸ்கூல் வாத்தியார். மீன் ஏலம் போடுற இடத்துலேர்ந்து ஐஸ் கட்டிய சாக்குல சுத்தி எடுத்துட்டு வந்துட்டேன், பம்ப் ஸ்டவ்வும் ஒரு குண்டானும் வேற. ரூம் பூரா காரப்பொடி மீன் கவிச்சி. ஐஸ், தண்ணி, ஆவி, மூணும் ஒண்ணுதானே, கடவுளும் அப்படித்தான்னு பெருமையா நிக்கிறேன், கடைசி பெஞ்சுலேர்ந்து ஒரு பொடியன் எந்திரிச்சான். "சார், யோர்தான் ஆத்துல ஞானஸ்நானம் வாங்க ஏசு தண்ணியில நிக்கிறாரு, ஆவியானவரு புறா மாதிரி எறங்குறாரு, மேலேர்ந்து அப்பா கொரல் கேக்குது. மூணு பேரும் ஒரே நேரத்துல கீறாங்க. உங்க ஐஸு அப்போ இன்னா ஆச்சு சார், உருகிடுச்சா?" ஒரே சிரிப்பு. ஸ்டவ்வ அணைச்சேன், கிளாஸ விட்டுட்டேன்.

அப்புறம்தான் படிச்சேன், அது என் தப்பே இல்ல, மூணாம் நூற்றாண்டுல சபெல்லியுஸ்னு ஒரு போதகர் பண்ண தப்பு, கடவுள் ஒருத்தரே மூணு வேஷம் போடுறாருன்னு. அந்தப் பக்கம் வழுக்கினா மூணு சாமி ஆயிடும். அலெக்சாந்திரியாவுல ஆரியுஸ்னு ஒரு குருவானவர் மகனும் படைக்கப்பட்டவர்தான்னு சொல்லப்போய், 325ல நிசேயாவுல, இப்போ துருக்கியில இருக்கு, ஆயர்கள் கூடி மகன் தந்தையோட ஒரே பொருளானவர்னு முடிவு பண்ணாங்க. ஆவியானவர் பத்தி 381ல, அதுக்கு வரேன். திரித்துவம்ங்கிற வார்த்தை பைபிள்ல இல்ல, வாஸ்தவம். ஆனா மத்தேயு 28ல மூணு பேரைச் சொல்லிட்டு 'நாமத்திலே'ன்னு ஒருமையிலதான் இருக்கு, அதுலதான் ஆழமே, காலை விடாதீங்க.

மேல மூணு பேரும் இடிச்சிக்காம இருக்காங்க. நம்ம தெருவுல? மூணு சபை, மூணு குழாய் ஸ்பீக்கர். என் பக்கத்து வீட்டுப் பொண்ணு ப்ளஸ் டூ, காதுல பஞ்சு வெச்சிக்கிட்டு பாத்ரூம்ல ஸ்டூல் போட்டுப் படிக்குது. ராத்திரி பத்துலேர்ந்து காலையில ஆறு வரைக்கும் கூடாதுன்னு 2000த்துலயே சட்டம், குடியிருப்புல பகல்லயே 55 டெசிபல்தான். ஆவியானவர் எறங்கின பெந்தெகொஸ்தே நாள்ல பெருங்காத்து சத்தம் வரலையான்னு பாஸ்டர் ஐயா கேப்பாரு. அது ஒரு நாள் ஐயா, உங்களுது டெய்லி. ஃபாதர் நீங்களும் சிரிக்காதீங்க, அஞ்சரை மணி ஜெபமாலை உங்களுதுதான். பரீட்சை முடியிற வரைக்கும் குழாயை எறக்குங்க, உள்ளே பாக்ஸ் போதும், கவுன்சிலர் அம்மா இதை எழுதிக்கணும்.

பரிசுத்த ஆவி பாக்கி இருக்கு, ஆனா மணி 9.58. தம்பி, மைக்கை ஆஃப் பண்ணு.