ஓடுகிறவரிடம் கேளுங்கள்

நடுவர் அவர்களே, மயிலாப்பூர்ப் பெருமக்களே, வணக்கம். அறிவுசார் குறைபாடுள்ள விளையாட்டு வீரர்களுக்கு இன்று அதிகம் தேவை பதக்கமா, போட்டிகளை நடத்துவதில் பொறுப்பா? பொறுப்பே என்று வாதாட வந்திருக்கிறோம்.

எதிரணி அம்மா உருக்கமாகப் பேசினார். "பாவம், குழந்தை மாதிரி. விளையாடிவிட்டுப் போகட்டும். கமிட்டி, கூட்டம் என்று ஏன் பாரம் ஏற்றுகிறீர்கள்?" என்றார். முப்பது வயது ஆளைக் குழந்தை என்கிறீர்களே, அவரிடம் ஒரு வார்த்தை கேட்டீர்களா அம்மா?

மே மாதச் சென்னையில் சிந்தெடிக் டிராக்கில் பகல் பதினொரு மணிக்கு நூறு மீட்டர் ஓட்டம் என்று அட்டவணை போடுவது யார்? ஏசி அறையில் இருக்கிற நாம். அனலில் வேகிறவர் அந்த வீரர். ஒலிபெருக்கியில் ஒருவர் கடகடவென்று பெயர் வாசிக்கிறார். தன்னைக் கூப்பிட்டது புரியாமல் அவர் தன் ஓட்டத்தையே தவறவிடுகிறார். எங்கே இடறுகிறது என்று அவருக்குத்தானே தெரியும்?

அறிவுசார் குறைபாடுள்ளவர்களுக்கான உலக விளையாட்டு இயக்கமான ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸ் 1968இல் சிகாகோவில் சுமார் ஆயிரம் வீரர்களோடு தொடங்கியது. ஓட்டத்தோடு அது நிற்கவில்லை. வீரர்களையே பயிற்சியாளராக, போட்டி நடுவராக, பேச்சாளராக, நிர்வாகக் குழு உறுப்பினராக வளர்க்கத் தனித் திட்டமே வைத்திருக்கிறது. அறிவுசார் குறைபாடுள்ள அமெரிக்க ஓட்ட வீராங்கனை லொரெட்டா கிளைபோர்ன் 26 மாரத்தான் ஓடியவர். அந்த இயக்கத்தின் உலக இயக்குநர் குழுவிலேயே இடம்பெற்றவர்.

"புரியாதவரைக் குழுவில் போட்டால் பொம்மைதான்" என்றார் இன்னொரு எதிரணி நண்பர். நியாயமான பயம். நாற்காலி மட்டும் போட்டால் பொம்மையேதான். அதனால் என்ன பேசப் போகிறோம் என்பதை எளிய சொற்களில், படங்களோடு முன்கூட்டியே கொடுங்கள். விளக்கிச் சொல்லப் பக்கத்தில் ஒரு துணையாளர் இருக்கட்டும். ஆனால் வீரருக்குப் பதிலாகத் துணையாளர் பேசக் கூடாது. ஒரு நேரத்தில் ஒரே கேள்வி. பதில் வரும்வரை வாயை மூடிக்கொண்டு காத்திருக்க வேண்டும். எங்களைப் போன்ற பட்டிமன்றப் பேச்சாளர்களுக்கு இந்தக் கடைசி விதிதான் கொஞ்சம் சிரமம்!

உள்ளாட்சி மன்றங்களில் மாற்றுத்திறனாளிகளை நியமன உறுப்பினராக்க 2025இல் நம் சட்டமன்றமே சட்டத்திருத்தம் நிறைவேற்றியது. ஊர்ச் சாக்கடையைப் பற்றிப் பேச மாற்றுத்திறனாளிக்கு இடம் தர முடிந்த நாட்டில், விளையாட்டு கமிட்டியில் ஒரு இடம் தர முடியாதா?

பதக்கம் தாராளமாகக் கொடுங்கள். பொன்னாடை போர்த்தி, சிறப்பு விருந்தினரோடு ஃபோட்டோ எடுத்த கையோடு, "தம்பி, நீ வெளியே இரு, கமிட்டி மீட்டிங்" என்கிறோமே, அது ஏன் என்றுதான் கேட்கிறோம். அவருடைய போட்டியைப் பற்றிய கூட்டத்தில் அவரைத் தவிர எல்லோரும் உட்கார என்ன நியாயம்? அடுத்து வரும் எதிரணி நண்பர் இதற்கு மட்டும் பதில் சொல்லட்டும்.