முகத்தை மாற்றிக்கொள்ள வைக்காத கேமரா

நடுவர் ஐயா அவர்களே, எதிரணியில் அமர்ந்திருக்கும் தம்பிகளே, காணும் பொங்கல் மாலையில் கடற்கரைக்குப் போகாமல், ராயபுரம் கல்மண்டபத்துக்கு அருகே இந்தத் தெருவின் நடுவில் போட்ட நாற்காலிகளில் எங்களுக்காக அமர்ந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, உங்கள் அனைவருக்கும் என் வணக்கம்.

படம் எடுக்கும் இன்பம் மிகுவது கைபேசியிலா, பிளாஸ்டிக் பொம்மைக் கேமராவிலா என்பது இன்றைய கேள்வி. எனக்கு முன் பேசிய எதிரணித் தலைவர், பொம்மைக் கேமராவில் எடுத்த படத்தின் நடுப்பகுதி சுமார், ஓரம் மங்கல், நான்கு மூலையும் இருட்டு, போதாக்குறைக்கு எங்கிருந்தோ நுழைந்த வெளிச்சம் குறுக்கே கோடு கிழித்திருக்கும் என்றார். ஃபிலிம் போட்டுப் படம் எடுப்பது பணக்காரப் பிள்ளைகளின் பொழுதுபோக்கு என்றார். தெரியாமல் நேர்ந்த தவற்றுக்குக் கலை என்று பெயர் சூட்டிக்கொள்கிறார்கள் என்று முடித்து, பலத்த கைதட்டலும் பெற்றார். நானும் தட்டினேன். அவர் அடுக்கிய குறைகளில் பெரும்பாலானவை உண்மை. அவற்றை மறைத்துக்கொண்டு வாதாட எனக்கு விருப்பமில்லை.

என் கையில் இருக்கும் இந்தக் கறுப்புப் பெட்டியைப் பாருங்கள். இதன் பெயர் ஹோல்கா. ஹாங்காங்கில் செய்யப்பட்டு 1982-இல் விற்பனைக்கு வந்தது. அக்காலச் சீனாவில் எளிதாகக் கிடைத்த ஃபிலிம், 120 என்று அழைக்கப்படும் அகலமான ரோல்தான். அதைப் போட்டு ஒரு தொழிலாளியின் குடும்பம் பண்டிகைப் படம் எடுத்துக்கொள்ளட்டும் என்று, எவ்வளவு மலிவாகச் செய்ய முடியுமோ அவ்வளவு மலிவாக இதைச் செய்தார்கள். உடம்பு பிளாஸ்டிக், லென்ஸும் பிளாஸ்டிக். ஒளியை உள்ளே விட்டு மூடும் ஷட்டருக்குப் பகலில் பயன்படும் வேகம் ஒன்றே ஒன்று, ஏறக்குறைய ஒரு நொடியில் நூற்றில் ஒரு பங்கு. தூரத்தைக் காட்ட எண்களுக்குப் பதிலாக, ஒற்றை ஆள், சிறு குடும்பம், பெருங்கூட்டம், மலை என்று நான்கு சின்னங்கள் இருக்கின்றன. வெயிலுக்கு ஒரு நிலை, மேகத்துக்கு ஒரு நிலை என்று மேலே ஒரு சின்ன விசையும் உண்டு. பழைய மாதிரிகளில் இந்த விசையை எந்தப் பக்கம் தள்ளினாலும் உள்ளே ஒளி நுழையும் துளையின் அளவு மாறாது என்பது பின்னாளில்தான் பலருக்குத் தெரிய வந்தது. வாடகை வீட்டு ஃபேன் ரெகுலேட்டரைத் திருகிப் பழகிய நமக்கு இதில் வியப்படைய எதுவும் இல்லை.

ஓரம் மங்கும் காரணத்தையும் எதிரணித் தலைவர் சொல்லியிருக்கலாம். ஒற்றை வில்லையில் ஒளி கூர்மையாகக் குவியும் தளம் தட்டையாக இராமல் கிண்ணத்தின் உட்புறம்போல் வளைந்திருக்கும். ஃபிலிமோ ஏறக்குறையத் தட்டையாக நிற்கிறது. ஆகவே நடுவில் தெளிவும், விலக விலக மங்கலும் வருகின்றன. விலையுயர்ந்த லென்ஸில் பல வில்லைகளை அடுக்கி இந்த வளைவைச் சரிசெய்கிறார்கள். இதில் செய்யவில்லை, அவ்வளவுதான். இந்தச் சரிசெய்யாத வில்லையில், அமெரிக்கச் செய்திப் படக்காரர் டேவிட் பர்னட், 2000-ஆம் ஆண்டு அதிபர் தேர்தலில் வேட்பாளர் ஆல் கோர் மேடையில் நிற்பதை எடுத்தார். வெள்ளை மாளிகைச் செய்திப் படக்காரர்கள் சங்கத்தின் 2001-ஆம் ஆண்டுப் போட்டியில் அந்தப் படம் முதன்மைப் பரிசுகளில் ஒன்றைப் பெற்றது. எதிரணி சொல்லும் அதே மங்கலைத்தான் அந்த நடுவர்களும் பார்த்தார்கள். நம் நடுவர் ஐயாவுக்கு இது எவ்விதத்திலும் அழுத்தம் தருவதாகாது.

பணக்காரப் பிள்ளைகளின் பொழுதுபோக்கு என்ற குற்றச்சாட்டுக்கு வருகிறேன். இன்றைக்கு ஒரு 120 ரோல் வாங்கும் பணத்தில் ஞாயிற்றுக்கிழமைக் குழம்புக்கு வஞ்சிரம் வாங்கிவிடலாம் என்பதை நான் ஒத்துக்கொள்கிறேன்; என் வீட்டில் இதற்காக நடக்கும் பட்டிமன்றத்துக்கு நடுவரே கிடையாது. ஆனால் பிளாஸ்டிக் கேமரா எப்போதும் அப்படி இருந்ததா? துறைமுகத்தில் வேலை பார்த்த என் தந்தையார், மூர் மார்க்கெட் 1985-இல் தீக்கிரையாவதற்கு முன்பு, அங்கே பழைய பொருள் விற்கும் கடையில் ஒரு ஆக்ஃபா கிளிக் 3 வாங்கினார். பரோடாவில் செய்யப்பட்டது, பிளாஸ்டிக் உடம்பு, இதே 120 ரோல், இதே பன்னிரண்டு சதுரப் படங்கள். உள்ளே போட, உதகையில் 1960-இல் நிறுவப்பட்ட இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸின் 'இந்து' ரோல் கிடைத்தது. எங்கள் வீட்டில் என் அத்தையின் வளைகாப்பும், என் அண்ணன் முதன்முதலில் நின்றதும் அந்தப் பெட்டிக்குள் போய்த்தான் வெளியே வந்தன. ஸ்டூடியோவுக்குப் போனால் ஆகும் செலவுக்கு அஞ்சிய குடும்பங்களுக்குப் படம் என்ற ஒன்றைக் கொடுத்ததே இந்த வகைப் பெட்டிதான். உதகைத் தொழிற்சாலை மூடியதும், ஃபிலிம் வெளிநாட்டுச் சரக்காகி விலை ஏறியதும் இந்தப் பெட்டி செய்த குற்றமா?

இனி, நான் இந்த மேடை ஏறியதற்கான காரணத்துக்கு வருகிறேன். சில ஆண்டுகளுக்கு முன்பு, நண்பர் ஒருவரிடம் கடன் வாங்கிய பெரிய டிஜிட்டல் கேமராவை, முழங்கை நீளத்துக்கு லென்ஸோடு கழுத்தில் மாட்டிக்கொண்டு, விடியற்காலையில் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்குப் போனேன். ஏலம் சூடாக நடந்துகொண்டிருந்தது. நான் கேமராவைத் தூக்கியதும், கூடைக்கு முன்னால் அமர்ந்திருந்த ஓர் அம்மா முந்தானையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டார். பக்கத்தில் இருந்த இன்னோர் அம்மா சும்மா இருக்கவில்லை. "எதுக்கு எடுக்குற? எந்தப் பேப்பர்ல போடப்போற?" என்று கேட்டார். நான் தண்டையார்பேட்டையில் பிறந்து வளர்ந்தவள் என்று சொல்லிப் பார்த்தேன். கழுத்தில் தொங்கிய லென்ஸ் அதை நம்ப விடவில்லை. அவர் கேட்டதில் தவறே இல்லை. வடசென்னை என்றதும் வெளியிலிருந்து வரும் கேமராக்கள் எதைத் தேடி வந்திருக்கின்றன என்பது இந்தத் தெருவில் அமர்ந்திருக்கும் உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பெரிய கேமராவைக் கண்டதும் நம் மக்கள் ஒன்று முகத்தை மூடுகிறார்கள். இல்லையென்றால், படத்துக்கு இதுதான் வேண்டும் போலிருக்கிறது என்று எண்ணி ஒரு முகத்தைச் செய்து கொடுக்கிறார்கள்.

அடுத்த வாரம் இந்த ஹோல்காவோடு அதே இடத்துக்குப் போனேன். பக்கவாட்டில் பிடிமானம் கழன்று வெளிச்சம் புகாதிருக்க, மின்வேலைக்காரர்கள் பயன்படுத்தும் கறுப்பு டேப்பைச் சுற்றி ஒட்டியிருந்தேன். என்னைக் கேள்வி கேட்ட அதே அம்மா இதைப் பார்த்துவிட்டு, "இன்னா கண்ணு இது, திருவிழால வாங்குனதா?" என்று சிரித்தார். வாங்கிப் பார்த்தார், அசைத்தார், காதருகே வைத்துக் குலுக்கினார். பிறகு என்னிடம் திருப்பிக் கொடுத்தார். நான் மிகுந்த கவனத்தோடு சின்னத்தைத் திருப்பி, மூச்சை அடக்கிப் பொத்தானை அழுத்தப் போனபோது, "மூடியத் தொறக்கவே இல்லியே" என்றார். உண்மைதான். இந்தக் கேமராவில் நாம் பார்க்கும் சாளரம் வேறு, லென்ஸ் வேறு. மூடி போட்டிருந்தாலும் எடுப்பவருக்கு எல்லாம் தெளிவாகத் தெரியும். எதிரே நிற்பவருக்குத்தான் அது தெரியும். அந்தக் கூட்டமே சிரித்தது. அந்த அம்மாவும் சிரித்தார். மூடியைக் கழற்றிவிட்டு நான் எடுத்த படத்தில் அந்தச் சிரிப்புதான் இருக்கிறது. முந்தைய வாரத்தின் டிஜிட்டல் கேமரா அந்தச் சிரிப்பை எத்தனை மெகாபிக்சலிலும் எடுத்திருக்க முடியாது. அதன் முன்னால் அது நடந்திருக்கவே நடந்திருக்காது.

நடுவர் அவர்களே, படம் எடுப்பவருக்கும் எடுக்கப்படுபவருக்கும் நடுவே ஓர் ஏற்றத்தாழ்வு இருக்கிறது. பொம்மைக் கேமரா அந்தத் தராசில், எடுப்பவரை முதலில் கொஞ்சம் கேலிக்குரியவராக ஆக்கிவிடுகிறது. கைபேசியில் இது நடக்காதா, அதற்கு யார் அஞ்சுகிறார்கள் என்று எதிரணித் தம்பி கேட்கலாம். கைபேசிக்கு அஞ்சுவதில்லைதான், ஆனால் எடுத்தவுடன், 'காட்டு, காட்டு' என்று வாங்கிப் பார்த்து, 'குண்டாத் தெரியறேன், அழிச்சிடு' என்கிறோம். எடுத்த மறு நொடியே முகம் தன்னைத் திருத்திக்கொள்ளத் தொடங்கிவிடுகிறது. நாம் விட்டாலும் கருவி விடுவதில்லை. இன்றைய கைபேசிகள் ஒரு படத்துக்குப் பல படங்களை எடுத்து அடுக்கி, நிழலைத் தூக்கிவிட்டு, தோலை வழவழப்பாக்கித் தருகின்றன; அழகூட்டும் வசதி இயங்கினால் நிறத்தையும் வெளுக்கின்றன. காசிமேட்டு வெயிலில் உழைத்துக் கறுத்த முகத்தை அது யாரைக் கேட்டு வெளுக்கிறது? பிளாஸ்டிக் லென்ஸ் மங்கலாக்கும், இப்படித் திருத்தாது.

வெயில் என்றதும் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஒரே வேகமும் சிறு துளையும் கொண்ட கேமராவுக்கு வேண்டியது நல்ல வெளிச்சம். நெகட்டிவ் ஃபிலிம், வெளிச்சம் கூடினால் பொறுத்துக்கொள்ளும், குறைந்தால் பொறுக்காது. ஆகவே குளிர்நாட்டு மப்பைவிட நம் ஊர் மே மாதமே இதற்கு ஏற்ற காலம். ஆனால் எடுப்பதற்கு உதவும் அதே வெயில், கழுவும்போது வஞ்சம் தீர்த்துக்கொள்ளும். கறுப்பு வெள்ளை ஃபிலிமை வழக்கமாக 20 டிகிரி வெப்பத்தில் கழுவச் சொல்கிறார்கள். எங்கள் மாடித் தொட்டித் தண்ணீரில் அப்படியே டீ போடலாம். மீன் பெட்டிக்குப் போட வாங்கும் ஐஸில் கொஞ்சம் கேட்டு வாங்கி, குளியலறையில் வாளிக்குள் ரசாயனப் புட்டியை நிறுத்தி, தெர்மாமீட்டரைப் பார்த்தபடி அமர்ந்திருப்பேன். கழுவி முடித்துத் துணிக் கொடியில் கிளிப் போட்டுத் தொங்கவிட்ட ஈர ரோலை, குழல்விளக்குக்கு நேரே பிடித்து முதன்முதலாகப் பார்க்கும் அந்த ஒரு நிமிடத்துக்கு ஈடாக எதிரணி ஒன்றைச் சொல்லட்டும், நான் அமர்ந்துவிடுகிறேன்.

தவற்றுக்குக் கலை என்று பெயர் வைக்கிறார்கள் என்றாரே, அதற்கு ஒரு படத்தை இங்கே கொண்டுவந்திருக்கிறேன்; பின்வரிசை வரை கைமாற்றிப் பாருங்கள். இந்தக் கேமராவில் ஷட்டருக்கும் ஃபிலிமைச் சுற்றும் திருகுக்கும் தொடர்பில்லை. சுற்ற மறந்தால் ஒரு படத்தின் மேலேயே அடுத்த படமும் விழும். எண்ணூர்க் குப்பத்தில் பிறந்து, கொசஸ்தலை ஆற்றில் கையால் இறால் தடவிப் பிடித்து வளர்ந்த என் ஆயாவை வீட்டுத் திண்ணையில் வைத்து எடுத்தேன். மறுநாள் ஆற்றோரம் நின்று அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகளை எடுத்தேன். நடுவில் சுற்ற மறந்தேன். ஆயாவின் தோளுக்கு மேலே, கொண்டையை ஒட்டி, இரண்டு புகைபோக்கிகள் எழுந்து நிற்கின்றன. ஆயா படத்தை வாங்கி வெகுநேரம் பார்த்துவிட்டு, தான் இறால் பிடித்த இடம் எது என்று அந்த மங்கலுக்குள் விரலை வைத்துக் காட்டினார். இதை நான் திட்டமிடவில்லை, மறதிதான். அந்த ரோலில் மிஞ்சிய படங்களில் பெரும்பாலானவை குப்பை. எது குப்பை, எது ஆயாவுக்குக் காட்ட வேண்டியது என்று பிரித்தெடுத்தது மட்டும் என் வேலை. அதற்கு நான் கலை என்ற பெயரைக்கூடக் கேட்கவில்லை.

கைபேசியை நான் பழிக்கவும் இல்லை. எங்கள் தெருவில் சாக்கடை அடைத்தால் கைபேசியில்தான் படம் எடுத்துப் புகார் அனுப்புகிறேன். ஹோல்காவில் எடுத்தால், அதைக் கழுவி அனுப்புவதற்குள் வடகிழக்குப் பருவமழை முடிந்துவிடும். ஆனால் எதிரணித் தலைவர் தம் கைபேசியில் எடுத்த படத்தை எங்கே ஏற்றுகிறார்? இன்ஸ்டாகிராமில். அதை உருவாக்கியவர்களில் ஒருவரான கெவின் சிஸ்ட்ரோம், மாணவராக இத்தாலியின் ஃப்ளோரன்ஸ் நகரில் ஒளிப்படக்கலை பயின்றபோது, அவருடைய ஆசிரியர் அவரது உயர்ந்த கேமராவை வாங்கி வைத்துக்கொண்டு, கையில் ஒரு ஹோல்காவைக் கொடுத்தார். அந்தச் சதுரமும், அந்த வண்ணத் திரிபும் மனத்தில் தங்கி, 2010-இல் இன்ஸ்டாகிராமின் சதுரப் படமாகவும், படத்தைப் பழையதுபோல் மாற்றும் ஃபில்டர்களாகவும் வெளிவந்தன. கூர்மையாக எடுத்த படத்தை விரலால் தள்ளித் தள்ளி, ஓரத்தை இருட்டாக்கி, நிறத்தை வெளிறச் செய்பவர்கள் எந்தப் பெட்டியின் குறைகளைக் கடன் வாங்குகிறார்கள் என்பதைத் தம்பி தம் மறுப்புரையில் சொல்ல வேண்டும்.

மணி அடித்துவிட்டது. நடுவர் ஐயா ஒரு நிமிடம் பொறுத்தருள வேண்டும். இந்த ரோலில் பதினொன்று முடிந்து, பின்பக்கச் சிவப்புச் சாளரத்தில் 12 என்ற எண் நிற்கிறது. இந்த மேடையையே எடுத்துவிட்டு அமரலாம் என்றுதான் கொண்டுவந்தேன். ஆனால் நீங்கள் எங்களுக்கு முன் பேசியவர்களுக்குக் கூடுதல் நேரம் கொடுத்ததில் பொழுது சாய்ந்துவிட்டது. இந்தத் தெருவிளக்கு இதற்குப் போதாது. தம்பி இப்போதே கைபேசியை நீட்டுகிறார், அவருடையதில் இந்த இருட்டிலும் விழும், எடுத்துக்கொள்ளட்டும். எனக்கு நாளைக் காலை ஒன்பது மணி வெயில் வேண்டும். அதற்குள் இரு அணியினரும் நடுவரும் கல்மண்டபத்துக்கு எதிரே வந்து நின்றால், பொத்தானை எதிரணித் தலைவரே அழுத்தலாம். மூடியைக் கழற்றினோமா என்று மட்டும் யாராவது எதிரே நின்று பார்த்துச் சொல்லுங்கள். நன்றி, வணக்கம்.