ஊர் பேர் தெரியாதவர் வரைந்த ஊர்

அவையோருக்கு வணக்கம்.

1559-ஆம் ஆண்டு. இன்றைய பெல்ஜியத்தில் உள்ள ஆன்ட்வெர்ப் நகரில் 'நான்கு காற்றுகள்' என்ற பெயரில் அச்சுப்படக் கடை நடத்திவந்த ஹிரோனிமஸ் கோக், சிறிய படங்களாக ஒரு தொகுப்பை வெளியிட்டார். 1561-இல் இன்னொரு தொகுப்பு. இரண்டும் சேர்த்து 44 படங்கள். அவற்றில் என்ன இருக்கிறது? கூரை வீடு, சாய்ந்த வேலி, குட்டை, வளைந்து போகும் வண்டிப்பாதை. அவ்வளவுதான்!

இதில் என்ன புதுமை என்று கேட்பீர்கள். சில ஆண்டுகளுக்கு முன் அதே கோக், ஓவியர் புரூகலின் பெரிய நிலக்காட்சிகளை வெளியிட்டிருந்தார். வானத்திலிருந்து பார்ப்பதுபோல மலையும் ஆறும் விரியும். ஆனாலும் ஒரு படத்தின் மூலையில் புனித ஜெரோம் இருப்பார், இன்னொன்றில் மகதலேனாள் இருப்பாள். வெறும் நிலத்தைக் காட்ட ஒரு புனிதரின் துணை வேண்டியிருந்தது. 1520 வாக்கில் ஜெர்மனியில் ஆல்ட்டோர்ஃபர் என்ற ஓவியர் மனிதரே இல்லாத நிலக்காட்சிகளை அச்சிட்டார், உண்மைதான். அவை மலையும் மரமும் ஓங்கி நிற்கும் காட்சிகள். இந்த 44 படங்களிலோ நாம் தரையில் நிற்கிறோம். எதிரே இருப்பது யாரோ ஒரு குடியானவரின் வீடு. நேரில் பார்த்து வரைந்தவை, பெரும்பாலும் ஆன்ட்வெர்ப்பைச் சுற்றியுள்ள இடங்கள் என்று முகப்பிலேயே அச்சிட்டிருக்கிறார்கள்.

இத்தகைய படங்களை அச்சிட, செப்புத்தகட்டில் மெழுகு பூசி, ஊசியால் கீறி, அமிலத்தில் இடுவார்கள். கீறிய இடத்தை மட்டும் அமிலம் அரிக்கும். அந்தப் பள்ளத்தில் மை தேங்கி, ஈரத்தாளில் இறங்கும். இந்தத் தகடுகளைச் செய்தவர்கள் டூட்டெகும் சகோதரர்கள். அவர்களுடைய ஊசி எங்கும் அவசரப்படவில்லை. கூரை வைக்கோலுக்குக் குட்டிக் கோடுகள். பாதைக்கோ கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லை, வெறும் தாள். அந்த வெள்ளைதான் வெயில். என்னை அங்கேயே நிறுத்திவிடுகிறது அது.

ஆனால் வரைந்தவர் யார்? கோக் பெயர் போடவில்லை. 1601-இல் மறுபதிப்பில் செதுக்குக் கலைஞர் கோர்னெலிஸ் கோர்ட் என்றார்கள். 1612-இல் ஆம்ஸ்டர்டாமில் விஸ்ஸர் என்ற பதிப்பாளர் நகலெடுத்தபோது புரூகல் என்றார். இன்றைய ஆய்வாளர்கள் இரண்டையும் ஏற்பதில்லை.

இடையில் போர் வந்தது. 1584–85-இல் ஸ்பானியப் படை ஆன்ட்வெர்ப்பை முற்றுகையிட்டது. சுற்றுவட்டாரக் கிராமங்கள் சீரழிந்தன. ஆயிரக்கணக்கானோர் வடக்கே போனார்கள், பலர் ஆம்ஸ்டர்டாமுக்கே. விஸ்ஸரின் கடையில் அந்தப் படங்கள் வந்தபோது, அந்த ஊர்களை விட்டுவந்தவர்கள் அதே நகரத்தில் குடியிருந்தார்கள்.