விண்டோஸ் இல்லாமலே விண்டோஸ் மென்பொருள்

நேயர்களுக்கு வணக்கம்.

மேக் கணினி வாங்கியவர்கள் என்னிடம் அதிகம் கேட்பது இதைத்தான்: "ஆபீஸ் வேலைக்கு ஒரு விண்டோஸ் மென்பொருள் வேணும், இதுல ஓடுமா?" வீட்டில் பிள்ளைகள் இருந்தால், "கேம் ஓடுமா?" என்பதும் கூடவே வரும். பெரும்பாலும் ஓடும். எப்படி ஓடுகிறது என்று புரிந்துகொண்டால், எது ஓடாது என்பதும் தானே விளங்கிவிடும்.

2006இல் ஆப்பிள் இன்டெல் சில்லுக்கு மாறியபோது பூட் கேம்ப் வந்தது. கணினியைத் திறக்கும்போதே மேக்கா விண்டோஸா என்று தேர்ந்தெடுக்கலாம். 2020 நவம்பரில் எம்1 சில்லு வந்ததும் புதிய கணினிகளில் அந்த வழி அடைபட்டது.

இப்போது முக்கியமான வழிகள் இரண்டு. ஒன்று, பேரலல்ஸ் போன்ற மென்பொருளுக்குள் முழு விண்டோஸ் 11ஐயே குடிவைப்பது. குடிவந்தவருக்கு நினைவகத்திலும் வட்டிலும் இடம் ஒதுக்க வேண்டும், விண்டோஸ் உரிமமும் வாங்க வேண்டும்.

இன்னொன்று வைன் என்ற இலவச மென்பொருள். எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். 1993இல் தொடங்கிய கூட்டு முயற்சி இது. 1994 முதல் இதை வழிநடத்துபவர் அலெக்சாந்தர் ஜூலியார். மைக்ரோசாஃப்டின் மூல நிரல் இவர்கள் கையில் இல்லை. விண்டோஸின் ஒவ்வொரு கட்டளையும் என்ன பதில் தருகிறது என்று சோதித்துப் பார்த்து, அதே பதிலைத் தரும் நிரலைச் சொந்தமாக எழுதினார்கள். 1.0 பதிப்பு வெளிவரவே 15 ஆண்டுகள் ஆயின. அந்தப் பொறுமையை நினைத்தால் இன்றும் எனக்கு மனம் நெகிழ்கிறது.

ஒரு மென்பொருள் "இந்தக் கோப்பைத் திற" என்று விண்டோஸைக் கேட்கிறது. வைன் அதை வாங்கி மேக்கிடம் அதன் பாணியில் கேட்டு, வந்த பதிலை விண்டோஸே தந்தது போலத் திருப்பிக் கொடுக்கிறது. நடுவில் ஆள் மாறியது அந்த மென்பொருளுக்குத் தெரியவே தெரியாது.

வைனை அடிப்படையாகக் கொண்ட கிராஸ்ஓவர் என்ற கட்டண மென்பொருளில் இதைக் கண்ணால் பார்க்கலாம். அதில் ஒவ்வொரு மென்பொருளுக்கும் ஒரு 'பாட்டில்' உருவாகும். அதைத் திறந்தால் சி டிரைவ், அதற்குள் புரோகிராம் ஃபைல்ஸ், விண்டோஸ், சிஸ்டம்32 என்று எல்லாக் கோப்புறைகளும் வரிசையாக இருக்கும். விண்டோஸ் நிறுவாத கணினியில் முதன்முறை இதைப் பார்த்தபோது கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். இசட் டிரைவ் என்று ஒன்றும் தெரியும். அது உங்கள் மேக்கின் வட்டேதான்.

விளையாட்டுக்கு இது மட்டும் போதாது. விளையாட்டு படம் வரையும் மொழி டைரக்ட்3டி, மேக்குக்குத் தெரிந்தது மெட்டல். அதற்கு ஒரு மொழிபெயர்ப்பு. இன்டெல் கட்டளைகளை எம் வரிசைச் சில்லுக்கு மாற்றித்தர ஆப்பிளின் ரோசெட்டா என்ற மென்பொருள். ஆக, வைனையும் சேர்த்து மூன்று மொழிபெயர்ப்புகளைத் தாண்டித்தான் திரையில் கார் ஓடுகிறது! 2023 ஜூனில் விண்டோஸ் விளையாட்டுகளை மேக்கில் ஓட்டிப் பார்க்க உதவும் கேம் போர்ட்டிங் டூல்கிட்டை ஆப்பிளே வெளியிட்டது. சில நாட்களிலேயே சைபர்பங்க் 2077 விளையாட்டை அதில் ஓட்டிக் காட்டினார்கள் ஆர்வலர்கள்.

சரி, எது ஓடாது? வாலரண்ட் என்ற விளையாட்டு ஓடாது. அதன் ஏமாற்றுத் தடுப்பு மென்பொருள் விண்டோஸின் கருவுக்குள்ளேயே (கெர்னல் என்ற அடிப்படைப் பகுதி) போய் உட்கார வேண்டும். வைனில் அந்தக் கருவே கிடையாது. யூஎஸ்பி டாங்கிள் (உரிமத்துக்குச் சாவிபோலச் செருகும் சிறு கருவி) கேட்கும் பழைய மென்பொருள்களும் பெரும்பாலும் தகராறு செய்யும்.

அப்புறம் ஒரு விஷயம். ரோசெட்டா முழுமையாக இருப்பது மேக்கின் இயங்குதளமான மேக்ஓஎஸின் 27ஆம் பதிப்பு வரைதான், அதன்பின் பழைய விளையாட்டுகளுக்கான ஒரு பகுதி மட்டுமே மிஞ்சும் என்று 2025 ஜூனில் ஆப்பிள் அறிவித்திருக்கிறது. பேரலல்ஸுக்குள் ஓடும் விண்டோஸுக்கு ரோசெட்டா தேவையில்லை. அது தன் மொழிபெயர்ப்பைத் தானே வைத்திருக்கிறது. அதனால் பிழைப்புக்கான மென்பொருள் என்றால் பேரலல்ஸ் பக்கம் போங்கள். கிராஸ்ஓவர், பேரலல்ஸ் இரண்டையும் 14 நாள் இலவசமாகப் பயன்படுத்திப் பார்க்கலாம். அந்த நாட்களில் உங்கள் சொந்தக் கோப்பைத் திறந்து, ஒரு பக்கம் அச்சடித்தும் பார்த்த பிறகு பணம் கட்டுங்கள்.

நன்றி, வணக்கம்.