இரண்டாம் ஆண்டு ரிசீவரிடம் என்ன எதிர்பார்க்கலாம்?

அனைவருக்கும் வணக்கம்.

இந்த நாட்டுக்கு வந்து பல வருடம் ஆகியும் நம்மில் நிறையப் பேர் அமெரிக்கன் ஃபுட்பாலை எட்ட நின்றேதான் பார்க்கிறோம். பிள்ளைகள் அப்படியில்லை. ஆகஸ்ட் பிறந்தால் போதும், சாப்பாட்டு மேஜையில் சண்டை தொடங்கிவிடும். போன வருடம் அணிக்கு வந்த இளம் ரிசீவர் இந்த வருடம் வெளுத்துக் கட்டுவாரா, ஏமாற்றிவிடுவாரா? இந்தச் சண்டையைப் பற்றிப் பேசத்தான் இன்று வந்திருக்கிறேன். இதில் ரசிகர்கள் கேட்பது பாதி நியாயம், பாதி அநியாயம் என்பது என் கட்சி.

ஆட்டம் தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. குவாட்டர்பேக் பந்தை எறிகிறார், ரிசீவர் ஓடிப்போய்ப் பிடிக்கிறார். கண்டபடி ஓடுவதில்லை. எத்தனை அடி நேராக ஓடி, எந்த இடத்தில் எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று முன்கூட்டியே வரைந்து வைத்திருப்பார்கள். அதற்கு ரூட் என்று பெயர். எதிரணிக் கார்னர்பேக் ஒருவர் கூடவே ஒட்டிக்கொண்டு வருவார், பின்னால் சேஃப்டி ஒருவர் காவலுக்கு நிற்பார். இவர்களை உதறிவிட்டு ஓரிரு அடி இடைவெளி உண்டாக்குவதுதான் ரிசீவரின் தொழில். பந்தைப் பிடிப்பது அதற்கு அப்புறம். பிடித்து முன்னேறிய தூரத்தை யார்டில் கணக்கிடுவார்கள். எதிரணியின் கடைக்கோட்டைத் தாண்டிப் பந்தைக் கொண்டுபோனால் டச்டவுன்.

சரி, ஏன் குறிப்பாக இரண்டாவது வருடத்தின் மேல் இத்தனை ஆசை? அதற்குக் காரணம் இருக்கிறது. ரூக்கியாக, அதாவது முதல் வருட வீரராக, வருகிறவரின் நாட்காட்டியைப் பாருங்கள். இலையுதிர் காலம் முழுக்கக் கல்லூரி ஆட்டம். பிப்ரவரி கடைசியில் இண்டியானாபொலிஸில் தேர்வு முகாம். அங்கே நாற்பது யார்டை எத்தனை நொடியில் ஓடுகிறார் என்று அளப்பார்கள் என்பதால், அதற்கென்றே ஓட்டப் பயிற்சி. ஏப்ரலில் டிராஃப்ட், அதாவது அணிகள் சுற்றுச் சுற்றாகக் கல்லூரி வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் நாள். மே மாதம் புது ஊர், ஜூலையில் முகாம், செப்டம்பரில் ஆட்டம். ஒன்றரை வருடம் உட்கார நேரமில்லை. முதல் சீசன் முடிந்த பிறகுதான் உடம்பைத் தேற்றிக்கொள்ளவும், அணியின் ஆட்டத் திட்டங்கள் அடங்கிய புத்தகத்தை நிதானமாகப் படிக்கவும் முதல் தடவையாக ஒரு முழு ஓய்வுக்காலம் கிடைக்கிறது. அதனால் இரண்டாம் வருடம் முன்னேறுவார் என்று நினைப்பதில் தப்பே இல்லை.

மினசோட்டா அணியின் ரிசீவர் ஜஸ்டின் ஜெஃபர்சன் 2020-இல், முதல் வருடமே, 1,400 யார்டு. அடுத்த வருடம் 1,616. இப்படி ஒருவரைப் பார்த்துவிட்டால் ரசிகனுக்கு எல்லோரும் ஜெஃபர்சனாகத்தான் தெரிவார்கள். ஆனால் டாம்பா பே அணியில் மைக்கேல் கிளேட்டன் என்று ஒருவர் இருந்தார். 2004-இல் முதல் வருடம் 80 கேட்ச், 1,193 யார்டு, ஏழு டச்டவுன். 2005-இல் 32 கேட்ச், 372 யார்டு. டச்டவுன் ஒன்றுகூட இல்லை. அதற்கப்புறம் அவர் ஆயிரம் யார்டைத் தொடவே இல்லை. நியூயார்க் ஜயண்ட்ஸின் மலீக் நேபர்ஸ் 2024-இல் 109 கேட்ச் பிடித்தார். 2025-இல் நான்காவது ஆட்டத்திலேயே முழங்கால் தசைநார் கிழிந்து சீசன் முடிந்துபோனது. அங்கே எதிர்பார்ப்பு சரியா தப்பா என்று பேசவே இடமில்லை.

கிரிக்கெட் பார்க்கிறவர்களுக்கு ஒன்று உடனே புரியும். புதுசாக வந்த பேட்ஸ்மேன் முதல் தொடரில் விளாசுவார். அடுத்த தொடருக்குள் அவருக்கு எந்தப் பந்து ஆகாது என்று எல்லா அணிக்கும் தெரிந்திருக்கும். இங்கேயும் அதே கதைதான். முதல் வருட வீடியோ முழுவதும் இப்போது எதிரணிகள் கையில்.

ஒருவரை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். டவாண்டே ஆடம்ஸ். இன்று அந்தப் பெயரைச் சொன்னால் தலைமுறையின் சிறந்த ரிசீவர்களில் ஒருவர் என்பார்கள். 2015-இல் அவருக்கு இரண்டாவது வருடம். கிரீன் பே பேக்கர்ஸ் ரசிகர்கள் அவரை அணியை விட்டே துரத்தப் பார்த்தார்கள்.

கிரீன் பே எப்படிப்பட்ட ஊர் என்று முதலில் சொல்ல வேண்டும். விஸ்கான்சினில் ஒரு லட்சத்துக்குச் சற்று அதிகமான மக்கள் வாழும் சின்ன ஊர். அங்குள்ள லாம்போ மைதானத்தில் எண்பதாயிரம் பேருக்கு மேல் உட்காரலாம். சீசன் டிக்கெட்டுக்குக் காத்திருப்போர் பட்டியலில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பெயர்கள். இந்த அணிக்கு முதலாளி என்று ஒரு கோடீஸ்வரர் கிடையாது. 1923-இலிருந்து பொதுமக்கள் பங்கு வாங்கி நடத்துகிற அணி. 2011 கடைசியில் 250 டாலருக்கு ஒரு பங்கு விற்றார்கள். லாபப் பங்கு கிடையாது, விலை ஏறி விற்கவும் முடியாது, கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டிக்கொள்ள ஒரு காகிதம். வரிசையில் நின்று வாங்கினார்கள். கோடை முகாம் நடக்கும்போது ஊர்ப் பிள்ளைகள் சைக்கிளோடு வந்து நிற்பார்கள். வீரர்கள் அந்தச் சின்ன சைக்கிளில் ஏறிப் பயிற்சி மைதானத்துக்குப் போவார்கள், பிள்ளை பக்கத்தில் ஹெல்மெட்டைத் தூக்கிக்கொண்டு ஓடும். இப்படிப்பட்ட ஊரில் ரசிகன் கேள்வி கேட்டால், உரிமையாளன் கேட்கிற கேள்விதான் அது.

ஆடம்ஸ் ஃப்ரெஸ்னோ ஸ்டேட் கல்லூரியில் 2013-இல் ஒரே சீசனில் 24 டச்டவுன் அடித்தவர். 2014 டிராஃப்டில் இரண்டாவது சுற்றில், 53-ஆவது ஆளாக வந்தார். முதல் வருடம் 38 கேட்ச், 446 யார்டு. பெரிசாக ஒன்றுமில்லை. ஆனால் 2015 ஜனவரியில் டாலஸ் அணியுடன் நடந்த பிளேஆஃப் (சீசன் முடிந்தபின் நடக்கும் நாக்-அவுட்) ஆட்டத்தில் 117 யார்டும் ஒரு டச்டவுனும் எடுத்தார். ஊரே பார்த்த ஆட்டம் அது. ஒரு நல்ல சாயங்காலத்தை மறந்துவிடும் வழக்கம் ரசிகனுக்குக் கிடையாது. எட்டு மாதம் அதையே மனதில் ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அப்புறம் ஆகஸ்ட் 23. பிட்ஸ்பர்க்கில் கணக்கில் வராத ஒரு பயிற்சி ஆட்டம். பந்தைப் பிடித்துத் திரும்பிய ஜோர்டி நெல்சன், யாரும் இடிக்காமலேயே கீழே விழுந்தார். முழங்கால் தசைநார் கிழிந்துவிட்டது. முந்தைய சீசனில் 1,519 யார்டு எடுத்த, அணியின் முதன்மை ரிசீவர் அவர். அன்று மாலையே கணக்குப் போட்டுவிட்டார்கள்: நெல்சன் இல்லையா, அவருக்குப் போகும் பந்தெல்லாம் இனி ஆடம்ஸுக்கு. நிஜ வீரர்களை வைத்துக் கற்பனை அணி அமைத்துப் போட்டி போடும் ஃபேன்டஸி ஆட்டக்காரர்கள் தங்கள் பட்டியலில் அவரை மேலே தூக்கி வைத்தார்கள். எறிகிறவர் ஏரன் ராட்ஜர்ஸ், முந்தைய வருடம்தான் லீக்கின் மிகச் சிறந்த வீரர் விருது வாங்கியவர். வேறென்ன வேண்டும்?

கணக்கில் ஓட்டை இருந்தது அங்கேதான். நெல்சனுக்குப் போன பந்து மட்டும் ஆடம்ஸிடம் வரவில்லை. நெல்சனைக் காத்து நின்ற கார்னர்பேக்கும் கூடவே வந்தார். நெல்சன் வேகமாக நீளத்துக்கு ஓடுவார் என்ற பயத்தில் எதிரணிச் சேஃப்டிகள் எப்போதும் தள்ளித் தள்ளி நிற்பார்கள். அந்தப் பயம் போனதும் முன்னேறி வந்துவிட்டார்கள். இடம் சுருங்கியது. போதாதென்று சீசன் தொடங்கிய முதல் வாரங்களிலேயே ஆடம்ஸுக்குக் கணுக்கால் காயம். மூன்று ஆட்டம் வெளியே. திரும்பி வந்தபோதும் பழைய துள்ளல் இல்லை. கணுக்கால் சரியில்லாத ரிசீவர் நேராக ஓடிவிடலாம், சடாரென்று நின்று திரும்பத்தான் முடியாது. ரூட் என்பதே நின்று திரும்புவதுதானே.

அந்த நவம்பரில் டெட்ராய்ட் லயன்ஸ் லாம்போவுக்கு வந்தது. அதுவரை ஒரே ஒரு ஆட்டம் ஜெயித்திருந்த அணி. கிரீன் பேயில் 1991-க்குப் பிறகு வென்றதே இல்லை. ராட்ஜர்ஸ் ஆடம்ஸை நோக்கி மட்டும் 21 தடவை எறிந்தார். இருபத்தொன்று! கையில் சிக்கியது பத்து. கிடைத்தது 79 யார்டு. பேக்கர்ஸ் 18-16 என்று தோற்றது. அன்றைக்கு மைதானத்தில் இருந்த எவரிடமும் போய் "பையனுக்கு இன்னும் கொஞ்சம் நாள் கொடுங்கள்" என்று சொல்லியிருக்க முடியாது.

சீசன் முடிவில் ஆடம்ஸை நோக்கி எறிந்த 94 பந்தில் 50 கேட்ச், 483 யார்டு, ஒரே ஒரு டச்டவுன். இதிலும் ஒரு வேடிக்கை உண்டு. நெல்சன் விழுந்ததும் ஜேம்ஸ் ஜோன்ஸ் என்ற பழைய கையைத் திரும்பக் கூப்பிட்டார்கள். வேறு அணி வேண்டாமென்று அனுப்பிவிட்டவர், ஜெர்சிக்குள் தொப்பி வைத்த ஸ்வெட்ஷர்ட் போட்டுக்கொண்டு ஆடுவார். அவரும் அந்த வருடம் சரியாக 50 கேட்ச்தான். ஆனால் 890 யார்டு, எட்டு டச்டவுன். ஆக, சூழ்நிலையை மட்டும் குற்றம் சொல்லித் தப்பிக்க முடியாது. ஆடம்ஸ் கைக்கு வந்த பந்துகளையும் நழுவவிட்டார். ரசிகர்களின் கோபத்தில் பாதி நியாயம் என்று நான் சொன்னது இதற்காகத்தான். கைக்கு வந்த பந்தைப் பிடி என்று கேட்க எண்பதாயிரம் பேருக்கும் உரிமை உண்டு.

மீதிப் பாதிக்கு வருகிறேன். பிளேஆஃபில் வாஷிங்டனுடன் ஆடும்போது ஆடம்ஸுக்கு முழங்காலில் அடி. அடுத்த ஆட்டம் அரிசோனாவில். அவரால் ஆட முடியவில்லை. அங்கே ஜெஃப் ஜானிஸ் என்ற ஏழாவது சுற்று வீரர், ஒரு சிறு கல்லூரியிலிருந்து வந்தவர், 145 யார்டு, இரண்டு டச்டவுன் எடுத்தார். அதில் ஒன்று கடைசி நொடியில் ராட்ஜர்ஸ் கண்ணை மூடிக்கொண்டு விட்டது போல உயரத் தூக்கி எறிந்த பந்து. ஆட்டம் தோல்விதான். ஆனால் அந்தக் குளிர்காலம் முழுக்க ஊரில் பேச்சு என்ன தெரியுமா? ஆடம்ஸை உட்கார வை, ஜானிஸை இறக்கு. இரண்டு வருடக் கல்லூரிச் சாதனையும், ஒரு பிளேஆஃப் ஆட்டமும், கணுக்கால் காயமும் எல்லாம் ஒரு சாயங்காலத்தில் அழிந்துபோயின. ஜானிஸ் அதற்குப் பின் பெரும்பாலும் பந்தை உதைக்கும் நேரத்தில் மட்டும் இறங்குகிற சிறப்புக் குழுவில்தான் ஓடினார்.

ரசிகர்கள் ஏன் இப்படிப் பேசுகிறார்கள் என்றால், பாதிக் குற்றம் தொலைக்காட்சியுடையது. கேமரா பந்தின் பின்னால் போகும். பந்து எறியும் வரை ரிசீவர் பெரும்பாலும் திரைக்கு வெளியே இருக்கிறார். அறுபது தடவை அவர் ஓடினால், பந்து வந்த எட்டுத் தடவைதான் நம் கண்ணில் படும். மீதி ஐம்பத்திரண்டில் கார்னர்பேக்கை எப்படி உதறினார் என்பது பயிற்சியாளர்கள் பார்க்கும் இருபத்திரண்டு பேரும் தெரியும் வீடியோவில் மட்டும் இருக்கும். நமக்குத் தெரிவது யார்டு கணக்கு. அதை ரிசீவர் ஒருவரின் மதிப்பெண் மாதிரி வாசிக்கிறோம். அதில் எறிகிறவரின் பங்கு இருக்கிறது, முன்னால் நின்று தடுப்பவர்களின் பங்கு இருக்கிறது, மறுபக்கம் ஓடும் இன்னொரு ரிசீவரின் பங்கு இருக்கிறது. 2015-இல் ராட்ஜர்ஸே தடுமாறினார். அடுத்து எந்த ஆட்டத் திட்டம் என்று ஒவ்வொரு தடவையும் சொல்லும் பொறுப்பையே டிசம்பரில் பயிற்சியாளர்களுக்குள் கைமாற்றிப் பார்த்தார்கள். இதெல்லாம் 483 என்ற எண்ணுக்குள் இருக்கிறது.

2016-இல் நெல்சன் திரும்பி வந்தார். கணுக்காலும் ஆறியது. ஆடம்ஸ் 997 யார்டு, 12 டச்டவுன். ஒரே வருடத்தில் புது மனிதர் ஆகிவிட்டாரா? கொஞ்சம் ஆனார், உண்மை. ஆட்டம் தொடங்கும் கணத்தில் முன்னால் நிற்கிற கார்னர்பேக்கைக் காலாலேயே ஏமாற்றிவிட்டுக் கிளம்புவதில் பின்னாளில் அவரை மிஞ்ச ஆளில்லை என்றானது. அதை அந்தத் தோல்வி வருடங்களிலேயே பழகிக்கொண்டிருந்தார் என்பது என் ஊகம். 50 கேட்ச்களிலும் அந்தக் கால் வேலை அங்கங்கே தெரியும்.

அதனால் இந்த வருடம் உங்கள் வீட்டுப் பிள்ளை யாரைப் பற்றியாவது சண்டை போட்டால், யார்டை விட்டுவிட்டு வேறு மூன்று கேள்வி கேட்கச் சொல்லுங்கள். பந்து வரும்போது அவருக்கும் கார்னர்பேக்குக்கும் நடுவே இடைவெளி இருக்கிறதா? கைக்கு வந்ததைப் பிடிக்கிறாரா? பத்து யார்டு முன்னேற அணிக்குக் கிடைப்பது நான்கு முயற்சி; அதில் நெருக்கடியான மூன்றாவதில் குவாட்டர்பேக் அவரைத் தேடுகிறாரா? முதல் இரண்டுக்கு ரிசீவர் பொறுப்பு. அதற்கு இரண்டாம் வருடமே பதில் கேட்கலாம், தாராளமாகக் கேட்கலாம். மூன்றாவது அணியின் நம்பிக்கை. டெட்ராய்டுடன் தோற்ற அன்று 21 தடவை எறிந்தார் அல்லவா ராட்ஜர்ஸ்? நாம் தோல்வியைப் பார்த்தோம். எறிந்தவர் அந்த ஆளின் இடைவெளியைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கலாம்.

இன்னொன்று, பண விஷயம். டிராஃப்டில் வந்தவர் மூன்று சீசன் ஆடி முடிக்கும் வரை புது ஒப்பந்தம் பேச முடியாது என்பது லீக் விதி. அதனால் இரண்டாவது வருடம் நமக்குப் பொழுதுபோக்கு, அவருக்கு வாழ்நாள் வருமானம். காயத்தோடு ஏன் ஆடினார் என்று கேட்கிறவர்கள் இதையும் சேர்த்து யோசிக்கலாம்.

ஆடம்ஸ் 2021-இல் 123 கேட்ச், 1,553 யார்டு எடுத்தார். பேக்கர்ஸின் நூறு வருட வரலாற்றில் ஒரு சீசனில் யாரும் அவ்வளவு எடுத்ததில்லை. அடுத்த மார்ச்சில் அணி அவரை லாஸ் வேகஸுக்கு அனுப்பிவிட்டு, பதிலுக்கு டிராஃப்டின் முதல் சுற்றில் ஒருவரையும் இரண்டாம் சுற்றில் ஒருவரையும் தேர்ந்தெடுக்கும் உரிமையை வாங்கிக்கொண்டது. அந்த இரண்டாம் சுற்றில் பேக்கர்ஸ் வேறோர் இளம் ரிசீவரை எடுத்தது. பெயர் கிறிஸ்டியன் வாட்சன். முதல் வருடம் ஏழு டச்டவுன் பிடித்தார். 2023 கோடையில் கிரீன் பே ரசிகர்கள் அவருடைய இரண்டாம் வருடத்தைப் பற்றி என்னவெல்லாம் பேசியிருப்பார்கள் என்று நீங்களே சொல்லிவிடுவீர்கள்.

எனக்குக் கொடுத்த நேரம் ஆகிவிட்டது. பின்வரிசையில் பேக்கர்ஸின் பரம வைரியான சிகாகோ பேர்ஸ் அணியின் ஜெர்சி போட்டவர் ரொம்ப நேரமாகக் கையைத் தூக்கிக்கொண்டிருக்கிறார். சொல்லுங்கள், உங்கள் கேள்வி என்ன?